மூக்கும் மூச்சும் மானமும்

மானத்தைக் கொண்டுபோய் மூக்கிலே வைத்தவர்கள் நாம். வாதத்தில் தோற்றவனை மூக்குடைபட்டான் என்கிறோம். அவையில் அவமானப்பட்டவனை மூக்கறுபட்டான் என்கிறோம். லட்சணமான பிள்ளையைக் கண்டால் மூக்கும் முழியுமாக இருக்கிறது என்கிறோம். வியப்பு மேலிட்டால் விரலைத் தூக்கி மூக்கின்மேல் வைக்கிறோம். இத்தனை தொடர்களிலும் மூக்கு முகத்தின் கொடிக்கம்பமாக நிற்கிறதேயன்றி, மூச்சு வந்துபோகும் வாசலாக நிற்கவில்லை. இந்த ஒருபக்கப் பார்வை பேச்சுவழக்கோடு நின்றுவிட்டால் குறையொன்றும் இல்லை. சத்திரசிகிச்சை மேசைவரை அது மனிதனைத் துரத்திக்கொண்டு வருவதுதான் துயரம்.

இதைப் பிறர் கதையாக நான் சொல்லவில்லை. பதுளைப் பகுதியில் தமிழாசிரியனாகப் பல்லாண்டு கழித்தவன் நான். ஒரு மழைக்காலத்தில் பாடசாலைப் படிக்கட்டில் சறுக்கி விழுந்ததில் என் மூக்கின் நடுச்சுவர் நொறுங்கியது. வைத்தியர்கள் அதைச் சீர்செய்தார்கள். சில ஆண்டுகள் குறையின்றிக் கழிந்தன. பின்னர் மூக்குத்தண்டின் நடுப்பகுதி மெல்ல மெல்லத் தாழ்ந்தது. ஆழ்ந்து மூச்சிழுத்தால் இடப்பக்கத்துச் சுவர் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளலாயிற்று. முதற் சிகிச்சை செய்தவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நொறுங்கிய பொருளைக்கொண்டு அவர் செய்யக்கூடியதைச் செய்தார். இப்போது, இரண்டாம் முறையும் சத்திரசிகிச்சை செய்து, உடம்பின் வேறோர் இடத்திலிருந்து குருத்தெலும்பை எடுத்து மூக்குக்கு முட்டுக்கொடுக்கலாம் என்கிறார்கள். செய்துகொள்வதா விடுவதா, செய்வதானால் எந்த இடத்துக் குருத்தெலும்பு என்பதே சில மாதங்களாக என் சிந்தனை.

செய்தி பரவியதும் நண்பர் குழாம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. “ஐம்பதைத் தாண்டிய வயதில் மூக்கழகு என்னத்துக்கு, மாஸ்டர்?” என்றது ஒரு கட்சி. “இந்தக் காலத்தில் இதெல்லாம் பல் பிடுங்குவதுபோலத்தான், போய் ஒரு பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு வாருங்கள்” என்றது மற்றது. இரு சாராரும் அன்பினால் சொன்னவர்களே. ஆயினும் இரு சாராரும் மூக்கை முகமாக மட்டுமே கண்டார்கள், மூச்சாகக் காணவில்லை.

என் கருத்து இதுதான். இரண்டாம் முறை மூக்கைச் செப்பனிடுவது ஆடம்பரமும் அன்று. எளிய கைவேலையும் அன்று. உடம்பின் ஓரிடத்துக் கையிருப்பை எடுத்து இன்னோரிடத்துப் பற்றாக்குறையை நிரப்பும் காரியம் அது. சிக்கனமான குடும்பத்தலைவன் தன் கையிருப்பைச் செலவழிக்குமுன் எப்படி எண்ணிப் பார்ப்பானோ அப்படி எண்ணிப் பார்த்தே அதை முடிவுசெய்ய வேண்டும். அந்த முடிவு கண்ணாடிக்கும் உரியதன்று, ஊரார் வாய்க்கும் உரியதன்று.

அறுத்த கையும் ஒட்டிய கையும்

மூக்கின் கதைக்கு நமது ஊவா மண்ணிலும் இடமுண்டு. எல்லப் பக்கம் போகிறவர்களுக்கு இராவணன் பெயரால் ஓர் அருவியையும் ஒரு குகையையும் காட்டுவார்கள். அந்த இராவணனுடைய தங்கையின் மூக்கை இலக்குவன் அறுத்ததிலிருந்தே இராமகாதையில் இலங்கைப் பகை மூளுகிறது. பட்டிமன்றங்களில் அவள் செய்தது பிழையா, அவன் செய்தது பிழையா என்று நாம் ஓயாமல் வழக்காடியிருக்கிறோம். அறுபட்ட மூக்கோடு அவள் எப்படி மூச்சுவிட்டாள் என்று கேட்ட ஒருவரையேனும் நான் கண்டதில்லை.

காவியத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தாலும் இதே நிலைதான். 17ஆம் நூற்றாண்டில், திருமலை நாயக்கர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. மதுரைப் படையும் திருப்பிப் போய் அதையே செய்தது. மூக்கறு போர் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டிலோ, கண்டி இராச்சியத்துக்கு வியாபாரத்துக்காகச் சென்ற ஆங்கில ஆட்சிப்புற வணிகர் சிலர் ஒற்றரென்று ஐயுறப்பட்டு 1814ஆம் ஆண்டில் அங்கஹீனப்படுத்தப்பட்டனர். பலர் மாண்டனர், எஞ்சிய சிலர் மூக்கும் காதும் கையும் இழந்தவர்களாகக் கொழும்பு வந்து சேர்ந்தனர். மறு ஆண்டு ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றுவதற்கு அது ஒரு சாட்டாயிற்று. பதுளையும் அன்று அந்தக் கண்டி இராச்சியத்தைச் சேர்ந்த ஊரே.

அதே 1814ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 23ஆந் திகதி லண்டனில் வேறொரு காரியம் நடந்தது. ஜோசப் கார்ப்பியூ என்னும் சத்திரவைத்தியர், மூக்கை இழந்த ஒரு படை அதிகாரிக்கு நெற்றித் தோலைக்கொண்டு புது மூக்கு அமைத்தார். அந்த வித்தையை அவர் அறிந்தது இந்தியாவிலிருந்து போன செய்தியால். 1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு வண்டியோட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டளவு மூக்கின்றி இருந்த அவருக்கு, பூனாவுக்கு அண்மையில் ஒருவர் நெற்றித் தோலை வகுந்தெடுத்து, அடிப்பாகத்தை அறுக்காமல் திருப்பி இறக்கி, மூக்காகப் பொருத்தினார். ஆங்கில வைத்தியர் இருவர் அதைக் கண்ணாரக் கண்டனர். 1794ஆம் ஆண்டு ஒக்டோபரில் லண்டன் சஞ்சிகையொன்று அச்செய்தியைப் படத்துடன் வெளியிட்டது. மெழுகைத் தட்டி மூக்கின் அச்செடுத்து, அதை நெற்றியில் விரித்து வரைந்து, அளவு பிசகாமல் வெட்டிய அந்தக் கலைஞர் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர் என்பதை எழுதிய சஞ்சிகை அவர் பெயரை எழுதவில்லை.

மூக்குச் சீரமைப்பை உலகுக்குத் தந்தவர்கள் நாமே என்று நம் மேடைகளில் முழங்குவோர் உளர். தந்தது உண்மையே. ஆனால் ஒட்டும் கலை இங்கே தழைத்ததற்கு, அறுக்கும் வழக்கம் இங்கே மலிந்திருந்ததும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்? பெருமையும் வெட்கமும் இந்த விஷயத்தில் ஒரே கொடியில் காய்த்த காய்கள்.

எனக்குப் பெருமையாகப் படுவது வேறொன்று. சுசுருத சங்கிதை, கன்னத்துத் தோலை இலையால் அளந்தெடுத்து மூக்கு அமைக்கும் முறையைச் சொல்லுகையில் இரண்டு செய்திகளை விடாமல் சொல்கிறது. ஒன்று, புதிய மூக்கில் இரண்டு குழாய்களைச் செருகி மூச்சுக்கு வழிசெய்ய வேண்டும் என்பது. மற்றது, ஆறியபின் மூக்குக் குறைந்து போயிருந்தால் அதை வளர்க்க முயலவேண்டும், சதை மிகுந்திருந்தால் மறுபடி வெட்டிச் சமப்படுத்தவேண்டும் என்பது. அதாவது, முதல்முறை செய்தது எப்போதும் நிறைவாய் அமையாது என்பதையும், இரண்டாம் முறை தொடவேண்டி வரலாம் என்பதையும் அந்தப் பழைய ஆசிரியர் ஒளிக்காமல் எழுதிவைத்தார். மூச்சு முதலில், திருத்தம் பின்னர் என்ற அந்த வரிசையே இன்றும் செல்லுபடியாகும் வரிசை என்று நான் கருதுகிறேன்.

முகட்டு வளையும் முட்டுக்கால்களும்

மூக்கின் அமைப்பைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. லயத்துக் காம்பராவின் தகரக்கூரையை நினைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். மூக்கின் மேற்பகுதி எலும்பு. அது கல்லுச் சுவர். கீழ்ப்பகுதி குருத்தெலும்பு, அது மரச்சட்டம். இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின் மேல்விளிம்பு முகட்டு வளை. முன்விளிம்பு அதைத் தாங்கும் முட்டுக்கால். மேலே போர்த்தியிருக்கும் தோல்தான் தகரம். முகட்டு வளை உளுத்துப்போனால், தகரம் எத்துணைப் புதிதாயினும் கூரை நடுவிலே தொய்ந்துவிடும். தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதால் பயனில்லை, வளையை மாற்றவேண்டும். நடுச்சுவரைச் சீர்செய்யும் வைத்தியர்கள் மேலும் முன்னுமாக ஒரு சென்டிமீற்றருக்குக் குறையாத பட்டையை விட்டுவைக்கப் பார்ப்பது அதற்காகத்தான். அடிபட்டு அந்தப் பட்டையே நொறுங்கியிருந்தால் பின்னாளில் கூரை தாழ்வதற்கு இடமுண்டு.

குருத்தெலும்பு என்பது தமிழ்நாட்டு நூல்களின் வழக்கு. நமது இலங்கைப் பாடநூல்கள் அதைக் கசியிழையம் என்கின்றன. இரண்டும் நல்ல சொற்களே. தென்னங்குருத்துப்போல் வளையக்கூடியது, ஆனால் எலும்பின் வேலையைச் செய்வது என்று ஒரு சொல் சொல்கிறது. மற்றச் சொல் இன்னும் ஆழமான ஓர் உண்மையை நினைவூட்டுகிறது. குருத்தெலும்புக்குள் இரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள இழையத்திலிருந்து கசிந்துவரும் ஊட்டத்தைக்கொண்டே அது உயிர்வாழ்கிறது. இதனாலேயே ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்தாலும் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. பூனாக் கலைஞர் செய்தது பதியன் போடும் வேலை: தாய்க்கொம்பிலிருந்து அறுக்காமல், வேர்பிடிக்கும்வரை இரத்த ஓட்டத்தை விட்டுவைத்தார். குருத்தெலும்பை வைப்பதோ ஒட்டுக்கட்டும் வேலை: முற்றாக அறுத்தெடுத்து, புதிய இடத்தில் உயிர்பிடிக்கச் செய்வது.

முதல்முறைச் சிகிச்சைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் தொடங்குகிறது. முதல்முறை கத்தி செல்லும்போது தோலும் சட்டமும் தாள்தாளாகப் பிரியும். இரண்டாம் முறை அங்கே தழும்பு உறைந்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். இரத்த ஓட்டமும் முன்போல் இராது. அதனாலேதான், முதல் சிகிச்சை முடிந்து குறைந்தது ஓராண்டேனும் கழியட்டும், வீக்கமும் தழும்பும் அடங்கட்டும் என்று நிபுணர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். கையிருப்பும் முன்புபோல் இராது. மூக்குக்குள்ளேயே கிடைக்கும் நடுச்சுவர்க் குருத்தெலும்பு நேரானது, உறுதியானது, புதிய காயமின்றி எடுக்கத்தக்கது. ஒட்டுக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் இரண்டாம் முறை வருகிறவர்களிற் பலருக்கு அது முன்னமே செலவாகிப் போயிருக்கும். என் நிலையும் அதுவே.

காதா, விலாவா?

நடுச்சுவர் இல்லையென்றால் அடுத்த களஞ்சியம் காது. காதுமடலின் கிண்ணம்போன்ற பகுதியிலிருந்து குருத்தெலும்பை எடுக்கலாம். விளிம்பை விட்டுவைத்து எடுப்பதால் காதின் உருவம் பெரிதும் மாறாது. காதின் பின்புறத்தில் தழும்பை ஒளித்துவிடலாம். ஆயினும் அது இயல்பாகவே வளைந்தது, மென்மையானது, அளவிற் குறைந்தது. உள்ளே ஒட்டிக்கொள்ளும் பக்கச்சுவரை விறைப்பாக்குவதற்கும், நுனியைத் திருத்துவதற்கும் அது நன்கு உதவும். முகட்டு வளையாகவும் முட்டுக்காலாகவும் நின்று பாரம் தாங்கச் சொன்னால் அது தயங்கும்.

மூன்றாவது களஞ்சியம் விலா. ஆறாம், ஏழாம் விலாவெலும்புகளின் முன்முனையிலே நீண்ட குருத்தெலும்பு உண்டு. வேண்டிய அளவு கிடைக்கும். வேண்டிய வலிமையும் கிடைக்கும். முதலாம் உலகப்போரில் முகம் சிதைந்த போர்வீரர்களுக்கு, நியூசிலாந்தில் பிறந்த ஹரோல்ட் கில்லீஸ் விலாக் குருத்தெலும்பைக்கொண்டு மூக்கமைத்தார். 1917ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிட்கப் வைத்தியசாலை அதற்குப் புகழ்பெற்றது. ஆனால் விலாவுக்கு ஒரு குணம் உண்டு. பச்சைமரத்தை அறுத்த பலகை உலரும்போது முறுக்கிக்கொள்வதுபோல, செதுக்கிய விலாக் குருத்தெலும்பும் நாளடைவில் வளையக்கூடும். வெளிப்புறப் படையும் உட்புறமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் சமநிலை, ஒரு பக்கத்தை மட்டும் சீவும்போது குலைவதே அதற்குக் காரணம் என்று கிப்சன், டேவிஸ் என்னும் இருவர் 1958ஆம் ஆண்டில் விளக்கினர். இருபுறமும் சமமாகச் சீவி நடுப்பகுதியை எடுத்தால் வளைவு குறையும் என்பது அவர்கள் காட்டிய வழி. அபாயத்தை அது குறைத்ததேயன்றி ஒழித்துவிடவில்லை.

விலாவுக்கு வேறு விலையும் உண்டு. மார்பில் ஒரு தழும்பு. இருமினாலும் சிரித்தாலும் சில நாட்களுக்கு நோவு. அரிதாயினும், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் துளைவிழுந்து காற்றுப் புகும் அபாயம். வயது ஏற ஏற அந்தக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்து, செதுக்கும்போது வெடிக்கும் தன்மையும் வரலாம். ஆகவே என் வயதுடையவர்கள், எடுப்பதற்கு முன் ஸ்கேன் செய்து பார்க்கவேண்டுமா என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

இன்னும் சில வழிகள் உள. துருக்கி நாட்டு வைத்தியர் எரோல், குருத்தெலும்பைப் பொடிப்பொடியாக நறுக்கி, உடம்பில் கரையும் துணிபோன்ற பொருளில் பொதிந்து, மூக்குத்தண்டின் பள்ளத்தை நிரப்பும் முறையை 2000ஆம் ஆண்டில் எழுதினார். தம் நாட்டு மிட்டாயின் பெயரையே அதற்கு வைத்தார். பின்வந்தவர்கள் அந்தத் துணிக்குப் பதிலாக, பொட்டுப்பகுதித் தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வைப் பயன்படுத்தினர். பள்ளத்தை மேவ அது நல்லது. நறுக்கிய பொருளாதலால் பாரம் தாங்காது. இறந்தவர் உடலிலிருந்து பெற்றுப் பதனிட்ட விலாக் குருத்தெலும்பும் உண்டு. மார்பில் காயம் மிச்சம்; ஆனால் காலப்போக்கில் அது எவ்வளவு கரையும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

எஞ்சியது, என் நண்பர் சொன்ன “பிளாஸ்டிக்”. இங்கே ஒரு சொற்குழப்பத்தை நீக்கவேண்டும். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்ற பெயரில் உள்ள சொல், உருவமைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஜெர்மானிய வைத்தியர் கிராஃபே 1818ஆம் ஆண்டில் மூக்கமைப்பைப்பற்றி எழுதிய நூலின் பெயரிலேயே அச்சொல் இருந்தது. நம் வாளிக்கும் கதிரைக்கும் பயன்படும் பிளாஸ்டிக் அன்று பிறக்கவேயில்லை. ஆயினும் சிலிக்கன் போன்ற செயற்கைப் பொருள்களை மூக்கில் வைக்கும் வழக்கம் இன்று உண்டு. கிழக்காசிய நாடுகளிலே அது மிகுதி. எடுக்கவேண்டிய காயம் இல்லை, வேலை சுருக்கம் என்பது அதன் கவர்ச்சி. கிருமி பற்றினாலோ, மெலிந்த தோலைத் துளைத்து வெளிவந்தாலோ, வைத்ததை எடுத்துவிட்டு முன்னிலும் மோசமான மூக்கோடு நிற்கவேண்டி வரும். தழும்பேறி இரத்த ஓட்டம் குறைந்த மூக்கில் அந்த அபாயம் கூடுதல். உளுத்த முகட்டின்மேல் புதுப்பாரம் ஏற்றுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

யாருடைய உடம்பு, என்ன தொழில்?

இவ்வளவையும் கேட்ட வாசகர், “எது சிறந்தது என்று ஒரே சொல்லில் சொல்லும்” என்பார். ஒரே சொல்லில் சொல்ல முடியாது என்பதே நான் கற்றுக்கொண்டது. எடுக்கும் இடம் வெறும் களஞ்சியம் அன்று. அதற்கும் ஒரு தொழில் உண்டு.

பசறையிலோ மடுல்சீமையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகிலே பாரத்தோடு செங்குத்தான மலையில் ஏறி இறங்குபவள் அவள். விலாவிலிருந்து எடுத்தால் சில வாரங்களுக்குப் பாரம் சுமக்கலாகாது. மற்றவருக்கு அது ஓய்வு. அவளுக்கு நாளொன்றுக்கு ஒரு பேர் இழப்பு. அவளிடம் விலாவைப்பற்றிப் பேசுகிறவர் அந்தப் பேரையும் கணக்கிற் சேர்த்துப் பேசவேண்டும். கோயிலிலே நாதஸ்வரம் வாசிப்பவருக்கு மார்பும் மூச்சுமே முதல். அவருக்குக் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இருபது வயதுப் பிள்ளைக்கு விலாக் குருத்தெலும்பு இளசாக இருக்கும். என் வயதில் இறுகியிருக்கும். ஆகவே, ஒருவருக்கு நல்லதாய் முடிந்தது என்பதனால் மற்றவருக்கும் அதையே சிபாரிசு செய்யும் வழக்கம் வேறு எந்த விஷயத்துக்குப் பொருந்தினாலும் இதற்குப் பொருந்தாது.

என்னைப் பொறுத்தவரை, தமிழாசிரியனாகிய எனக்கு ஓர் எண்ணம் வந்து சிரித்துக்கொண்டேன். எழுத்துக்களின் பிறப்பைச் சொல்லவந்த நன்னூலார், மெல்லினத்துக்கு மூக்கையும் வல்லினத்துக்கு மார்பையும் இடமாக வகுத்தார். விலாவை எடுத்து மூக்கில் வைப்பது, வல்லினத்தின் வீட்டிலிருந்து மெல்லினத்தின் வீட்டுக்குக் கடன்வாங்குவதுபோல! கடன் வாங்கலாம், தேவைக்கு மேல் வாங்கலாகாது. என் முடிவு ஏறத்தாழ அதுவே. வகுப்பில் ஒரு செய்யுளை முழுதாகச் சொல்லி முடிக்குமுன் எனக்கு மூச்சு முட்டுகிறது. இரவில் வாயால் மூச்சுவிட்டு நா வறண்டு விழிக்கிறேன். என் குறை அதுதான். பக்கச்சுவரை விறைப்பாக்கக் காதுக் குருத்தெலும்பு போதும் என்று நிபுணர் சொன்னால், காதோடு நின்றுவிடுவேன். தண்டின் பள்ளம் அப்படியே இருக்கட்டும். முகட்டையே உயர்த்தாமல் மூச்சு வழி திறவாது என்றால் மட்டுமே விலாவுக்குச் சம்மதிப்பேன். தாழ்ந்த மூக்கோடு வாழ எனக்குச் சம்மதம். அடைத்த மூச்சோடு வாழச் சம்மதமில்லை.

இதைச் சொல்லும்போது, முகம் அற்பமானது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. விபத்திலோ வன்முறையிலோ மூக்குச் சிதைந்த ஓர் இளம்பெண், தன் முகத்தைத் திரும்பப்பெற விரும்புவது அகந்தை அன்று. அவளைப் பார்த்து “மூக்கழகு என்னத்துக்கு” என்று கேட்கிற வாய்தான், அவள் மூக்கைப் பார்த்துப் பட்டப்பெயரும் வைக்கிறது. பட்டப்பெயரை நிறுத்தாமல் சிகிச்சையைப் பழிப்பது என்ன நியாயம்? பாடசாலை முற்றத்தில் இந்தப் பட்டப்பெயர்கள் பிறக்கின்றன என்பதை ஆசிரியர்கள் நாம் அறிவோம். அங்கே தடுக்கவேண்டியவர்களும் நாமே.

ஆனால் மறுபுறமும் ஓர் எச்சரிக்கை உண்டு. குறை சிறிதாயிருந்தும் கண்ணாடியைவிட்டு அகல முடியாமல், ஒரு திருத்தத்தின்பின் மறு திருத்தம் என்று அலைகிறவர்கள் உளர். மனத்தின் நோவுக்கு மூக்கை வெட்டுவது மருந்தாகாது. அத்தகையோருக்கு நல்ல சத்திரவைத்தியர் கத்தியை எடுக்குமுன் மனநல நிபுணரிடம் அனுப்புவார். அதை அவமதிப்பாக எண்ணலாகாது. ஒவ்வொரு முறையும் கையிருப்பு குறைகிறது, தழும்பு கூடுகிறது. மூன்றாம் முறை இரண்டாம் முறையைவிடக் கடினம். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வைத்தியரே இந்தத் துறையில் நம்பத்தகுந்தவர்.

கேட்கும் உரிமை

கடைசியாக, இலக்கிய ஏட்டில் இதை எழுதவந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும். வைத்தியர் சொன்னதை நான்குமுறை கேட்டு விளங்கிக்கொண்டேன். தோட்டத்திலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையின் மூக்கோடு வந்து நிற்கும்போது, “விலாவிலிருந்து எடுப்பீர்களா, காதிலிருந்தா? ஏன்? எடுத்த இடம் எத்தனை நாளில் ஆறும்? மூச்சு சீராகுமா, தோற்றம் மட்டுமா? சரிவராவிட்டால் அடுத்த வழி என்ன?” என்ற இந்த ஐந்து கேள்விகளைத் தன் மொழியில் கேட்கவும், தன் மொழியில் விடைபெறவும் அவளுக்கு வழி இருக்கவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டில் அரச கரும மொழி. சட்டப்புத்தகத்தில் இருக்கும் அந்த உரிமை, சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிடும் தாளின்மேல் வந்து உட்காரும்போதுதான் உயிர்பெறும். விளங்காமல் வைத்த ஒப்பம் சம்மதம் ஆகாது.

அதற்குச் சொற்கள் நம்மிடம் உண்டு. குருத்தெலும்பு உண்டு, கசியிழையம் உண்டு, ஒட்டு உண்டு, பதியன் உண்டு, முகட்டு வளை உண்டு. விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மூக்கை வரைந்து, அதன் சட்டங்களைப் பெயர்சொல்லிக் காட்டக் கால்மணி நேரம் போதும். தமிழாசிரியர் எழுத்துப் பிறப்பு கற்பிக்கும் நாளில், அந்த எழுத்து பிறக்கும் உறுப்பையும் ஒருமுறை விளக்கினால் இலக்கணம் குறைந்துபோகாது. அப்படிக் கற்ற பிள்ளை நாளைக்கு வைத்தியசாலை வாங்கில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகக் கேட்கும்.

மூக்கை அறுத்தவர்களின் பெயர்களை நம் வரலாறு கவனமாகக் குறித்துவைத்திருக்கிறது. ஒட்டியவரின் பெயரை மறந்துவிட்டது. அறுபட்டவர் பிறகு எப்படி மூச்சுவிட்டார் என்பதை எங்குமே எழுதவில்லை. மானத்தை மூக்கில் வைத்தது போதும்; இனி மூச்சையும் அங்கே கொஞ்சம் வைப்போம்.